பத்துக்கு மூன்று

பத்துக்கு மூன்று என்று நான் போட்ட ஒரு மதிப்பெண், ஓராண்டு கழித்தும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ‘கன்பூசியஸ் கூறும் ரென் என்பதை வரையறுக்க’ என்ற வினாவை உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு எடுத்தது நான்தான். ரென் என்பது அந்தச் சீன ஞானி போதித்த தலையாய அறப்பண்பு. விடைக்குறிப்பும் என்னுடையதே: மனிதரை நேசித்தல், லி எனும் சடங்கொழுங்கோடு அதற்குள்ள உறவு, தனக்கு வேண்டாததைப் பிறர்க்குச் செய்யாமை, ஜுன்சி எனும் பண்பாளர். அந்த மாணவியோ, “அவர் வரையறுக்கவில்லை” என்று தொடங்கி, அவருடைய உரையாடல்களின் தொகுப்பான லுன்யுவின் 12ஆம் பகுதியில் ரென் பற்றிக் கேட்ட நான்கு சீடர்களுக்கு நான்கு விதமாகப் பதில் கிடைத்ததை எழுதி, அத்துடன் நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் துறை அறைக்கு வந்து, “மேடம், அந்தச் சீடர்களில் ஃபான் சி ஒருவரே ரென் பற்றி மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் பதில் வேறு. நான் எதை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்?” என்று கேட்டாள். அதில் குறும்பு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அடுத்த விடைத்தாளைத் திருத்திக்கொண்டே, “‘மனிதரை நேசிப்பது’ என்று தலைப்பிட்டு எழுதியிருக்கலாம்மா, குறிப்பில் அதுதான் இருக்கிறது” என்றேன். “சரி மேடம்” என்று தாளை இரண்டாக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் செய்தது தவறில்லை என்று சொல்லவும் எனக்குக் காரணங்கள் உண்டு. நாற்பத்திரண்டு விடைத்தாள்களுக்கும் ஒரே அளவுகோல் இருந்தாக வேண்டும். அவள் விடையிலும் குறை இருந்தது. ரென் உடையவர் பேசத் தயங்குவார் என்று சீடர் சிமா நியுவுக்குச் சொல்லப்பட்டதை எழுதியவள், அவருக்கு ஏன் அந்தப் பதில் என்று எழுதவில்லை. அவர் அதிகம் பேசுபவர், அவசரக்காரர் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் குறித்திருக்கிறார். கேட்பவரின் குறையைப் பார்த்துத்தான் பதில் அமைகிறது என்ற அந்த ஒன்று இல்லாமல் நான்கு பதில்களும் வெறும் பட்டியல்தான். இந்த நியாயத்தில் சில நாள் நிம்மதியாக இருந்தேன், அந்தக் காரணத்தை வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்வரை.

கன்பூசியஸும் கண்டிப்பான ஆசிரியர்தான். ஒரு மூலையைக் காட்டினால் மற்ற மூன்று மூலைகளோடு திரும்பி வராதவனுக்கு மறுபடி சொல்வதில்லை என்றவர் அவர். இதையும் எனக்கு ஆதரவாக எண்ணிப் பார்த்தேன். ஆனால் அவள் மூன்று மூலைகளோடும்தான் வந்து நின்றாள். முதல் மூலையை மறுபடி அவள் கையில் கொடுத்து அனுப்பியது நான்.

மதிப்பெண்ணைவிட, தலை நிமிராமல் பதில் சொன்னதுதான் இப்போது பெரிதாகத் தெரிகிறது. பெற்றோரைப் பேணுவது பற்றிச் சி சியா என்ற சீடர் கேட்டபோது, முகபாவம்தான் கடினம் என்றார் கன்பூசியஸ். வேலை வந்தால் இளையவர் செய்துவிடுவதும், உணவும் மதுவும் இருந்தால் மூத்தவர்க்குக் கொடுத்துவிடுவதும் மட்டும் போதுமா என்பது அவர் கேள்வி. அது பிள்ளைகளுக்குச் சொன்னது, ஆசிரியர்களுக்கு அன்று. ஆனாலும், பதில் என்ற பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைக் கொடுக்காமல் இருந்த என்னை அந்த வாக்கியம் விடவில்லை. ஃபான் சிக்குக் கிடைத்த மூன்று பதில்களில் ஒன்று, ஏற்ற பணியில் பயபக்தியோடு இருப்பது பற்றியும் பேசுகிறது. அன்று நான் திருத்துவதை நிறுத்தாததும் பணியில் காட்டிய மரியாதைதானே என்று ஒரு மனம் வாதிடுகிறது. எதிரில் நின்றவள் பணி இல்லையா என்று இன்னொரு மனம் கேட்கிறது.

இந்தப் பருவத்துக்கும் நான்தான் வினாத்தாள் எடுக்கிறேன். ‘வரையறுக்க’ என்ற சொல்லை மாற்ற நினைத்தேன். பாடத்திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன். விடைக்குறிப்பில் மட்டும் ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று போடத் தெரியாமல் இரண்டு முறை அடித்துவிட்டேன். நாளை ஒப்படைக்க வேண்டும்.