அம்மம்மாவின் நினைவு மலரை வீட்டிலேயே தைக்கிறேன்

எங்கள் வீடுகளில் ஒருவர் தவறினால் 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிப்பது வழக்கம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், திருவாசகம், சிவபுராணம், நடுவில் அரைப் பக்கம் வாழ்க்கை வரலாறு. அம்மம்மாவுக்கும் அடித்தோம். எங்கே பிறந்தார், யாரைக் கைப்பிடித்தார், யார் யாரைப் பெற்றார் எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கிறது. 1960 முதல் 1994 வரை கொழும்பில் நேர்ஸாக வேலை செய்ததற்குக் கிடைத்தது ஒரே வரி: ‘தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார்.’

முப்பத்துநாலு வருட வேலைக்கு அந்த வரி போதாது. வேலையை மட்டுமே சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றை ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாண்டுத் திவசத்துக்கு, முன் நானே செய்வதென்று தொடங்கினேன். நோட்டுப் புத்தகம் தைப்பது எனக்கு ஏற்கெனவே பழக்கம். எழுத்துக் கோப்பதுதான் புதிது.

முதலில் எழுத்துரு. பெரியம்மா, மாமா எல்லோரும் அனுப்பிய நினைவுகள் பாமினியில் வந்தன. இலங்கை அச்சகங்கள் பலவற்றில் பல காலம் பாமினிதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, லிப்ரே ஆபிஸில் ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ எழுத்துருவில் கோத்தேன். மாற்றியில் போட்டு எடுத்த பிறகும் ஒருமுறை கண்ணால் வாசித்தே ஆக வேண்டும், முக்கியமாகக் கொம்பும் காலும் வரும் இடங்களை.

படங்கள் குறைவு. பயிற்சிக் காலத்துக் குழுப் படம் ஒன்று, உள்ளங்கை அளவு. வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 300இல் அச்சடிக்கும்போது இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், முகம் உடையாது. கீறல்களை முகங்களில் மட்டும் துடைத்தேன். மற்ற இடங்களில் அப்படியே விட்டுவிட்டேன். பழைய படம் பழையதாகவே இருக்கட்டும்.

அட்டைப் படத்துக்கு அவருடைய பிஸ்கட் டின்னில் ஒரு கண்ணாடிச் சிரிஞ்ச் கிடைத்தது. கையில் எடுத்துப் பார்த்தால் குழாயில் ஒரு சின்ன இலக்கம், உள்ளே போகும் தண்டிலும் அதே இலக்கம். கண்ணாடியை ஒன்றுக்கொன்று பொருந்தத் தேய்த்துச் செய்ததால் ஒன்றின் தண்டு இன்னொன்றுக்குச் சரிவராது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கழற்றி, கழுவி, அவித்து, திரும்ப இலக்கம் பார்த்துச் சோடி சேர்க்க வேண்டும். பாவித்ததும் எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்சையே பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு ஊசிக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருந்தது இப்போதுதான் தெரிகிறது.

எழுத வேண்டியதில் பாதி கிடைத்தது அம்மம்மாவோடு ஒரே வாட்டில் இருந்த சிங்கள மிஸி ஒருவரிடமிருந்து (நேர்ஸை இங்கே மிஸி என்போம்). ஓய்வு பெற்று, நுகேகொடைப் பக்கம் மகளோடு இருக்கிறார். அவரிடம் ஒன்று கேட்டேன். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். நாடி பார்க்க அவ்வளவு நேரம் ஏன்? அவர் உடனே என் கையைப் பிடித்துக் காட்டினார். ஒரு நிமிடத்தில் முதல் பாதி நாடிக்கு. மற்றப் பாதியில் விரலை எடுக்காமல் பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்றி மூச்சை எண்ணுவது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சு விடும் விதமே மாறிவிடும், அதனால் சொல்லாமல்தான் எண்ண வேண்டும். சீருடையில் மணிக்கூட்டைத் தலைகீழாகக் குத்துவதும் இதற்கு உதவும். குனிந்தால் நேராகத் தெரியும், கை இரண்டும் சும்மா இருக்கும். பாசத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பாசமும்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் பாதி நேரம் அவர் என் நெஞ்சைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இதற்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்தேன்.

1962க்கு ஒரு பக்கம். அந்த வருடம் இலங்கையில் போலியோ பெரிதாகப் பரவியது, சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியதும் அதே வருடம்தான். அம்மம்மா அப்போது பயிற்சியில். இங்கே கடைசிப் போலியோ நோயாளி 1993இல். அதற்கு அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். ஒரு நோயின் உச்சத்தையும் முடிவையும் சேவையில் இருந்தே பார்த்தவர். வாட்டு வாட்டாக, வீடு வீடாக இப்படி வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். எனக்குத் தெரிந்த ஒருத்தியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

83 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, அம்மம்மா சில நாள் வீட்டுக்கு வரவில்லை என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அந்த நாட்களில் அம்மம்மா குவாட்டர்ஸில் இந்த மிஸியின் அறையில்தான் படுத்தார், டியூட்டிக்கு ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை என்று மிஸியே சொன்னார். அதைத் தன் கையாலேயே சிங்களத்தில் எழுதித் தந்தார். அந்தக் கையெழுத்தை அப்படியே ஒரு பக்கத்தில் போட்டு, எதிர்ப்பக்கத்தில் தமிழை வைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

சரி, கடதாசிக்கு வருவோம். கடையில் வாங்கும் ஏ4இல் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5ஆக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். ஓரம் வெடிக்கும், புத்தகம் விரித்த இடத்தில் படியாது. அதனால் புறக்கோட்டை மலிபன் வீதியில் பெரிய தாளாக வாங்கி, நார் மடிப்போடு ஓடும்படி வெட்டுவித்தேன். நார் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்தால் போதும். இலகுவாக வளையும்போது மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ, நாரும் அந்தப் பக்கம்தான். 32 பக்கம் என்றால் எட்டுத் தாள், ஒரே கட்டு. மடித்தபின் உள்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு வரும். தைத்த பிறகுதான் விளிம்பை வெட்ட வேண்டும்.

தையலுக்கு மெழுகு தடவிய நூல், முதுகில் ஐந்து துளை. நடுத் துளையில் தொடங்கி அங்கேயே வந்து முடிச்சு. வலது நுனி இடதின் மேலே, பிறகு இடது வலதின் மேலே. இந்த முடிச்சு எனக்குப் புதிதில்லை. முக்கோணத் துணியால் கையைத் தூக்கிக் கட்ட அம்மம்மா பழக்கியது இதுதான். தட்டையாகப் படியும், கழுத்தில் உறுத்தாது, அவிழ்க்கவும் இலகு. புத்தக முதுகுக்கும் அதே குணம்தான் தேவை.

இதுவரை தைத்தவை நன்றாகப் படிந்து நிற்கின்றன. டொரண்டோ மாமா தனக்கு இன்னும் ஐந்து பிரதி வேண்டும் என்கிறார், தாள் அதற்குக் காணும். ஒரு வேலைதான் மிச்சம். மாதிரிப் பிரதியைப் பார்த்த மிஸி, தமிழும் கொஞ்சம் வாசிப்பாராம், எழுத்துத்தான் கண்ணுக்குச் சிறிது என்றார். அவருடைய பிரதிக்கு மட்டும் அவர் கையெழுத்துக்கு எதிரே உள்ள தமிழ்ப் பக்கத்தை 16 புள்ளியில் மறுபடி கோக்கிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது, அடுத்த பக்கத்துக் குழுப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி இடம் எடுக்க வேண்டும்.