இஞ்சி மொரப்பாவும் தொதலும்

ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மளிகைக் கடையில் அத்திப்பழ ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்தேன். மேலே அரபியில் எழுதியிருந்ததை அறைத்தோழர் வாசித்துக் காட்டினார்: "முரப்பா." எனக்கு அங்கேயே மதுரை பெரியார் பேருந்து நிலையத்தின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பழனி பஸ் கிளம்பும் நேரத்தில் ஓடி ஏறி, "இஞ்சி மொரப்பா, இஞ்சி மொரப்பா" என்று கூவும் அந்தக் குரல். நம் பள்ளி விடுதிப் பையன்கள் நாம் எத்தனை பாக்கெட் வாங்கியிருப்போம்! மேலே மாவு தூவிய வில்லை. முதலில் தித்திக்கும், அப்புறம் தொண்டையில் காரம் இறங்கும். பாகில் போட்டுப் பதப்படுத்தியதை அரபியில் முரப்பா என்பார்கள். அந்தச் சொல் இந்தி, உருது என்று பல வாய் மாறி நம்மிடம் வந்து, இஞ்சியோடு சேர்ந்து மொரப்பாவாகிவிட்டது.

இதையெல்லாம் யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர் நம் தமிழய்யா. ஒன்பதாம் வகுப்பில் வினைத்தொகை நடத்திய நாளை மறக்கவே முடியாது. "யார் பெட்டியிலடா ஊறுகாய் இருக்கு?" என்றார். அழகர்மலைப் பக்கத்துப் பையன் விடுதிக்கு ஓடிப்போய் மாவடு ஜாடியைத் தூக்கி வந்தான். மாசி மாதம், அப்போதுதான் போட்ட வடு. விளக்கெண்ணெய் தடவியிருந்ததால் பளபளவென்று இருந்தது, தோல் இன்னும் சுருங்கவில்லை. அய்யா ஜாடியை மேசை மேல் வைத்து, "ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூணு காலமும் இதுக்குள்ள இருக்கு, காலம் காட்டுற இடைநிலை மறைஞ்சிருக்கு" என்றார். ஜாடி பங்குனி வரை வகுப்பு அலமாரியிலேயே இருந்தது. வாரம் ஒரு வடு எடுத்துப் பார்ப்போம். தோல் சுருங்கச் சுருங்க, நீர் சிவந்து இறங்கியது. இலக்கணத்தை நாக்கால் படித்த வகுப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மதுரைக்காஞ்சி சொல்லும்போதும் அப்படித்தான். நள்ளிரவில், தேனடை போன்ற மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்ற கூவியர் அசந்து தூங்குவதை மாங்குடி மருதனார் பாடியிருக்கிறார். அதை நடத்திவிட்டு அய்யா, "உங்க தெருவுல பணியாரம் சுடுற அம்மாவும் கூவியர்தான்டா" என்றார். அன்று சாயங்காலம் பணியாரக் கடைக்குப் போனபோது அந்த அம்மாவைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

சென்னையிலிருந்து வந்து சேர்ந்த பையன் காபிக்குச் சர்க்கரை கேட்க, சமையல்காரர் நாட்டுச்சர்க்கரை டப்பாவை நீட்டியது நினைவிருக்கிறதா? நமக்கு வெள்ளையாக இருப்பது சீனி. சீன நாட்டின் பெயரை அதற்கு வைத்துக்கொண்டோம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தபோதும் பெயருக்குப் பொருள் தெரியாது. ஜிகர் என்பது பாரசீகச் சொல், ஈரல் என்று பொருள். தண்டா என்றால் குளிர்ச்சி. ஈரக்குலை குளிர்கிறது என்று நாம் சொல்வதேதான்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது தொதல். நம் கீழக்கரை நண்பன் விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் தகர டப்பாவில் கொண்டுவருவான். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்காகக் கிண்டுவார்களாம். கறுப்பாக, பிசுபிசுவென்று, கத்தியில் ஒட்டாமல் வெட்டுப்படும். "உங்கம்மாவுக்குக் கை வலிக்காதாடா?" என்று கேட்டதற்கு, "நாலு பேரு மாத்தி மாத்திக் கிண்டுவாங்க" என்றான்.

அவன் இப்போது மலேசியாவில் இருக்கிறான். போன வருடம் துபாய் வந்தபோது மலாக்காவில் வாங்கிய பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தான். மேலே 'டோடோல்' என்று இருந்தது. அதே கறுப்பு, அதே பிசுபிசுப்பு. மலாய்க்காரர்களும் தேங்காய்ப்பாலையும் பனைவெல்லத்தையும் அரிசி மாவோடு பெரிய சட்டியில் அப்படித்தான் கிண்டுகிறார்களாம். கப்பலேறிப் போய்வந்த கீழக்கரை மரைக்காயர்களின் ஊரில் இந்தப் பெயர் இருப்பதில் என்ன ஆச்சரியம்! "எங்கம்மா கிண்டுற மாதிரி வராதுடா" என்றான். அப்படிச் சொல்லிக்கொண்டே பாதிப் பொட்டலத்தை அவனே தின்றான்.

விடுதிக்கு உங்கள் டிரங்குப் பெட்டியில் என்ன வந்தது, வீட்டில் அதற்கு என்ன பெயர் என்பதை நம் பழைய மாணவர்களின் அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள். வீட்டில் சொல்லும் பெயரையே எழுதுங்கள்.