31 சேலை காணோம், கையில வந்தது 700 ரூபா

ரயில்ல பார்சல் எடுக்கறவங்க, முக்கியமா ஜவுளிக்காரங்க, இத படிச்சிருங்க. நான் பட்டு முடிச்சுட்டேன், நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

ஜனவரி 9ம் தேதி சூரத்ல இருந்து 4 பண்டல் சேலை, மொத்தம் 168 கிலோ, எனக்கு புக் ஆச்சு. 12ம் தேதி 3 பண்டல் வந்துருச்சு, நாலாவது வரல. ஆர்.ஆர்., அதாவது புக் பண்ணும்போது ரயில்வே கொடுக்கற ரசீது, அதோட ஒரிஜினல வாங்கி வெச்சுகிட்டு வந்தத எடுத்துட்டு போங்கன்னாங்க, நான் 3 தான் வந்துச்சுன்னு பார்ஷியல் டெலிவரி சர்டிபிகேட் எழுதி வாங்கிட்டுதான் நகர்ந்தேன். அது ஒண்ணுதான் இந்த கதையில நான் ஒழுங்கா செஞ்ச வேலை. ஆனா ஒரிஜினல கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எடுக்கணும்னு தோணல பாருங்க, அதுக்கு பின்னாடி ரெண்டு தடவை அலைஞ்சேன்.

நாலாவது பண்டல் 23 நாள் கழிச்சு வந்துச்சு. பார்த்ததுமே வயித்துல புளிய கரைச்சுச்சு. சூரத்ல எப்பவும் வெள்ளை பருத்தி கயித்துலதான் சாக்கு தைப்பாங்க, இதுல மூணு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மட்டும் நீல நைலான் கயிறு, எங்க மார்க்காவோட கடைசி எழுத்து அந்த தையலுக்குள்ள மடிஞ்சு கிடக்குது. யாரோ பிரிச்சு எடுத்துட்டு நிதானமா உக்காந்து தைச்சிருக்காங்க.

கவுண்டர்ல இருந்தவர் "கையெழுத்து போட்டு எடுத்துட்டு போங்க சார், குறைஞ்சா அப்புறமா எழுதி கொடுங்க"ன்னார். இதுதான் பொறி. நல்லபடியா வாங்கிகிட்டேன்னு கையெழுத்து போட்டுட்டு வெளிய போயி குறையுதுன்னு கத்துனா எவனும் காது கொடுக்க மாட்டான். நான் ஓப்பன் டெலிவரி வேணும்னேன், அதாவது அவங்க முன்னாடியே பிரிச்சு, எண்ணி, எழுதி கொடுக்கணும். அதுக்கு இன்ஸ்பெக்டர் வரணும், அவர் லீவு, வியாழக்கெழமை வாங்கன்னார். வியாழக்கெழமை போனா வெள்ளிக்கெழமைங்கறார், அதுக்குள்ள வார்ஃபேஜ், அதாவது சரக்கு எடுக்காம அங்கயே கெடக்கறதுக்கு வாடகை, வேற ஏறிட்டே இருக்குதாம்! அவங்க ஆள் லீவு போட்டதுக்கு நான் வாடகை கட்டணுமா?

வாசல்ல இருந்த லைசென்ஸ் போர்ட்டர் அண்ணன்தான் கூப்ட்டு சொன்னார், "தம்பி, வாயில பேசாத, பேப்பர்ல பேசு"ன்னு. ஒரு வெள்ளைத்தாள்ல, பண்டல் பிரிச்சு தைச்ச மாதிரி இருக்கு, 1989 ரயில்வே சட்டம் செக்ஷன் 81 படி ஓப்பன் டெலிவரி கேக்கறேன், லேட்டானதுக்கு நான் பொறுப்பில்லன்னு எழுதி, காப்பியில சீல் கேட்டேன். சீல் குத்துன அரை மணி நேரத்துல லீவுல இருந்த இன்ஸ்பெக்டருக்கு பதிலா இன்னொருத்தர் வந்துட்டார்! 42 கிலோ இருக்க வேண்டிய பண்டல் தராசுல 28 கிலோ. பிரிச்சு எண்ணுனா 31 சேலை இல்ல, பில் படி 13,400 ரூபா. எல்லாத்தையும் ரிப்போர்ட்ல எழுத வெச்சேன், வார்ஃபேஜும் போயிருச்சு. அன்னிக்கு சாயந்தரம் ஏதோ ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கூத்து க்ளெய்ம், நஷ்டஈடு கேக்கறது. பார்சல் ஆபீஸ்ல சொல்லியாச்சு, ரிப்போர்ட் இருக்கு, அது போதும்னு நெனச்சு வியாபாரத்த பார்க்க போயிட்டேன், சரக்கு அனுப்புன சூரத்காரரும் நாங்க பார்த்துக்கறோம் பாய்னு சொல்லிகிட்டே ஜூன் வரைக்கும் இழுத்துட்டார். அப்புறம்தான் தெரியுது, செக்ஷன் 106 படி ரயில்வேக்கு எழுத்துப்பூர்வமா 6 மாசத்துக்குள்ள நோட்டீஸ் கொடுக்கணும், அந்த 6 மாசம் சரக்கு நம்ம கைக்கு வந்த தேதியில இருந்து இல்ல, புக்கிங்ல ஒப்படைச்ச தேதியில இருந்து! நான் ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்குன்னு மனக்கணக்கு போட்டுகிட்டு இருந்தேன். ஜூலை 4ம் தேதி அடிச்சு புடிச்சு ஓடி கொடுத்து சீல் வாங்குனேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மொத்தமும் போச்சு. பில் காப்பி இல்ல, ஆர்.ஆர். ஜெராக்ஸ் இல்லன்னு ரெண்டு தடவை திருப்பி விட்டாங்க, அது பரவால்ல, நோட்டீஸ் தேதி நின்னுருச்சு இல்ல, அதான் முக்கியம்.

அஞ்சு மாசம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. 700 ரூபா. தப்பா அடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். இல்ல, கரெக்டாதான் அடிச்சிருக்காங்க. புக் பண்ணும்போது நிரப்பி கொடுக்கற ஃபாரம், பார்வர்டிங் நோட், அதுல சரக்கோட மதிப்ப எழுதி அதுக்குண்டான பர்சன்டேஜ் சார்ஜ் கட்டலன்னா, கிலோவுக்கு 50 ரூபாதான் உச்சவரம்பு. 14 கிலோ, 50 ரூபா, 700. சேலையா சாக்கடை மண்ணான்னு கணக்கே கெடையாது, எடைதான். சூரத்ல அந்த கட்டத்த காலியா விட்டு கொடுத்திருக்காங்க, நான் இத்தன வருஷமா அப்படி ஒரு கட்டம் இருக்கறதயே பார்த்ததில்ல.

ட்ரிப்யூனல் போலாமான்னு வக்கீல கேட்டேன். ரயில்வே க்ளெய்ம்ஸ் ட்ரிப்யூனல்தான் போகணும், சிவில் கோர்ட்டுக்கு போக முடியாது, நோட்டீஸ் கொடுத்து 3 மாசம் ஆகியிருக்கணும், ஒப்படைச்ச தேதியில இருந்து 3 வருஷம் வரைக்கும் போடலாம்னு எல்லாம் வெலாவரியா சொல்லிட்டு, "ஆனா அந்த கட்டம் காலியா இருக்கே, அங்கயும் அதே 50 ரூபாதான் பேசுவாங்க"ன்னு ஃபைல மூடி கையில கொடுத்துட்டார். அவர் ஃபீஸ் வாங்கல, நல்ல மனுஷன்.

இப்பல்லாம் பார்வர்டிங் நோட்ட கவுண்டர்ல கொடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ அனுப்ப சூரத்காரர்கிட்ட சொல்லியிருக்கேன். நேத்து வாட்ஸ்அப்ல வந்துச்சு, பெரிசு பண்ணி முதல்ல அந்த மதிப்பு கட்டத்ததான் பார்த்தேன். மறுபடியும் காலி. போன போட்டு, அவர் நிரப்பி இன்னொரு போட்டோ அனுப்பற வரைக்கும் லைன கட் பண்ணவே இல்ல.