கதவுகளை எண்ணித் தொடங்கிய கணக்கு: உறையூர் வீட்டைப் புதுப்பித்த அனுபவம்

திருச்சி உறையூரில் அப்பா 1984-இல் கட்டிய எங்கள் வீடு 920 சதுர அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் மொசைக் தரையும் கொண்ட, அந்தக் காலத்துக்கு மிகுந்த அக்கறையோடு கட்டப்பட்ட வீடு அது. அப்பா காலமான பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தார். 76 வயதில் முழங்கால் வலி முற்றி, நடைச் சட்டத்தின் துணை இல்லாமல் நடக்க முடியாது என்ற நிலை வந்தபோதுதான், குளியலறைக் கதவின் அகலம் இரண்டே அடி என்பதையும் அந்தச் சட்டம் அதற்குள் நுழையாது என்பதையும் கவனித்தோம். ஆகவே, வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் அழகுக்காக வந்ததன்று. ஒரு கதவின் அகலத்திலிருந்து வந்தது.

முதலில் பார்வையிட்ட மேஸ்திரி, வீட்டைச் சுற்றி வந்து, சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய் என்று சொல்லி, 9,20,000 ரூபாய்க்கு ஒரே தாளில் மதிப்பீடு கொடுத்தார். புதிதாகக் கட்டும் வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு பொருந்தும், ஏனெனில் அங்கே அடித்தளம் முதல் வண்ணப்பூச்சு வரை எல்லாமே உண்டு. பழைய வீட்டில் அப்படியில்லை. கூடத்தின் 200 சதுர அடியில் செய்வதற்குச் சுவர்ப்பூச்சைத் தவிர ஒன்றுமில்லாமல் இருக்கலாம். குளியலறையின் 35 சதுர அடியோ இரண்டு லட்சத்தை விழுங்கலாம். அந்தத் தாளில் ‘கதவுகள்: 45,000’ என்று ஒரே வரி இருந்தது. எத்தனை கதவுகள், எந்த மரம், நிலையும் சேர்ந்ததா, பூட்டும் கீலும் யார் செலவு என்று கேட்டபோது, “அதெல்லாம் வேலை நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் அம்மா” என்றார். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. ஆனால் வேலை நடக்கும்போது பார்த்துக்கொள்ள எங்களிடம் பணம் இல்லை. சேமிப்பு ஆறரை லட்சம், ஏற்கெனவே இருந்த வீட்டுக் கடனின் மீது வங்கி தரச் சம்மதித்த கூடுதல் கடன் மூன்றரை லட்சம், ஆக மொத்தம் பத்து லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் புரட்ட வழியில்லை.

அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து, எண்ணக்கூடியவை அனைத்தையும் எண்ணினேன். கதவுகள் ஏழு: தலைவாசல், கொல்லைக் கதவு, படுக்கையறைகள் இரண்டு, பூஜையறை, குளியலறைகள் இரண்டு. சன்னல்கள் எட்டு. குழாய்கள் பதினொன்று. மின் இணைப்பு முனைகள் நாற்பத்தாறு. அடுத்த நான்கு வாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதை என்ன செய்யப் போகிறோம் என்பதையும் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றின் விலையையும் கடைகளில் விசாரித்து எழுதினேன். கதவு என்பது ஒரு பொருளே அன்று என்பது அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது.

கொல்லைக் கதவை உதாரணமாகச் சொல்கிறேன். அதன் நிலையின் அடிப்பாகத்தைக் கரையான் அரித்திருந்ததால், புதிய நிலை தேவைப்பட்டது. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலத்துக்கு ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம் என்றால், இரண்டு கால்களும் மேல்சட்டமும் சேர்ந்து ஏறக்குறைய பதினெட்டு அடி நீளம் வருகிறது. கன அளவில் அது ஒன்றே முக்கால் கன அடிக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கை ஒருமுறை போடத் தெரிந்துகொண்டால், மரக்கடையில் ‘ஒரு நிலைக்கு இவ்வளவு’ என்று மொத்தமாகச் சொல்லப்படும் விலையைக் கன அடி விலையாக மாற்றி, கடைக்குக் கடை ஒப்பிட முடியும். நாங்கள் தேக்கு வாங்கவில்லை. மழைச்சாரல் படும் இடம் என்பதால், அதைவிட விலை குறைந்த, ஆனால் உறுதியான வேங்கையைத் தேர்ந்தோம். மரம் 4,500, நீர் தாங்கும் தரத்திலான ஃப்ளஷ் கதவுப் பலகை 4,200, கீல், தாழ்ப்பாள், பூட்டு ஆகியவை 3,100, ஆசாரி கூலி 3,000, நிலையைச் சுவரில் பதித்துப் பூசுவதற்கு 1,000, வண்ணம் 1,200 என்று, அந்த ஒரு கதவு 17,000 ரூபாயில் வந்து நின்றது. ஏழு கதவுகளின் பக்கங்களையும் கூட்டியபோது 83,500. மேஸ்திரியின் ஒற்றை வரிக்கும் இதற்கும் இடையே 38,500 ரூபாய் இடைவெளி.

தலைவாசல் கதவை மாற்றும் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. அப்பா கடன் வாங்கி இழைத்த தேக்குக் கதவு அது. பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்து, தேய்ந்த கீல்களை நீக்கிப் பித்தளைக் கீல்கள் நான்கு போட்டு, பூட்டை மாற்றி, மறுபடி மெருகேற்ற 18,500 ஆனது. அதே அளவில் புதிய தேக்குக் கதவும் நிலையும் செய்ய ஆசாரி சொன்ன தொகை அதைப்போல் நான்கு மடங்கு. நாற்பது ஆண்டு உலர்ந்து நின்ற மரம் இனி முறுக்காது, வளையாது என்றும் அவரே சொன்னார். பழைய வீடுகளில் நல்ல மரத்தை எடைக்குப் போட்டுவிட்டு மெல்லிய பலகையை மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

குளியலறைதான் எங்கள் நோக்கத்தின் மையம் என்பதால், அதற்கு அதிக நேரம் கொடுத்தோம். ஒரு பொறியாளரை 3,000 ரூபாய் கட்டணத்துக்கு அழைத்துவந்து காட்டினோம். அந்தக் கதவு இருந்தது தளத்தின் எடையைத் தாங்காத நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்று உறுதிசெய்து, திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் புதிய லிண்டல் போட்டு அகலப்படுத்தலாம் என்றார். இதே ஒன்பது அங்குலச் சுவராக இருந்திருந்தால், திறப்பை அகலமாக்கும் வேலையே வேறு. இரண்டடிக் கதவை இரண்டே முக்கால் அடியாக்கி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, தண்ணீரில் ஊறாத டபிள்யூ.பி.சி. நிலையும் கதவும் வைத்தோம். கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை மட்டுமாவது யோசிக்க வேண்டுகிறேன். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய வகை.

அங்கேதான் எங்களுக்கு ஒரு தவறும் நேர்ந்தது. மேற்கத்தியக் கழிப்பறைக் கோப்பையில் கழிவு பின்புறச் சுவர் வழியே போவது ‘பி’ வகை, தரை வழியே போவது ‘எஸ்’ வகை. எஸ் வகையில், முடிக்கப்பட்ட சுவரிலிருந்து தரைத் துளையின் நடுப்புள்ளி வரை எத்தனை அங்குலம் என்பது கோப்பைக்குக் கோப்பை மாறும். நாங்கள் வாங்கியது ஒன்பது அங்குலக் கோப்பை. பூச்சு உதிர்க்கப்பட்ட வெறும் செங்கலிலிருந்து ஒன்பது அங்குலம் அளந்து பிளம்பர் குழாயைப் பதித்துவிட்டார். அதன் மேல் பூச்சும் டைல்ஸும் ஏறியபோது, ஒன்றரை அங்குலம் குறைந்துபோய், கோப்பையின் தொட்டி சுவரில் முட்டியது. அவரிடம் அளவை எழுதிக் கொடுக்காததில் எனக்கும் பங்குண்டு. போட்ட தரையை மறுபடி உடைத்துக் குழாயை நகர்த்த 11,500 ரூபாயும் ஆறு நாட்களும் போயின. அதன் பிறகு, எந்தச் சாதனமாக இருந்தாலும் முதலில் பொருளைத் தேர்ந்து, அதன் அளவுப் படத்தைச் சுவரில் ஒட்டிய பின்னரே உடைக்கத் தொடங்குவது என்று முறையை மாற்றினோம். தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதைக்கப்படும் டைவர்ட்டருக்கும் இது பொருந்தும். உள்ளே புதையும் பாகமும் வெளியே தெரியும் கைப்பிடியும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருந்தால்தான் சேரும்.

வேலை தொடங்குவதற்கு முன்பே ஆடித் தள்ளுபடியில் ஆசைப்பட்டு வாங்கிய அகலமான மழைத்தூவல் ஷவர் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் அடி, ஷவருக்கு ஏழடிதான் மேலே இருக்கிறது. அதில் கிடைப்பது சுமார் 0.2 பார். அந்த அழுத்தத்தில் அகன்ற ஷவரில் தண்ணீர் தூவாது, சொட்டும். அழுத்த மோட்டார் வைப்பதைவிடச் சிறிய தலை கொண்ட சாதாரண ஷவரே போதும் என்று முடிவுசெய்தோம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால், குழாய்களில் அழகைவிட, முனையில் இருக்கும் சல்லடையை எளிதாகக் கழற்றிக் கழுவ முடியுமா என்பதையும் உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்பதையுமே பார்த்து வாங்கினேன்.

ஏழு கதவுகளும் பதினொரு குழாய்களும் மற்றவையும் சேர்ந்து, முதல் கூட்டலில் பத்து லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. பொய்க்கூரையை நீக்கினேன். சமையலறைக்கு ஆயத்த அலமாரிகள் என்ற ஆசையைத் தள்ளிவைத்தோம். மொசைக் தரையை மாற்றாமல் மறுமெருகு மட்டும் போட முடிவானது. பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டினால் தரைமட்டம் உயர்ந்து, எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டியிருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பட்டியல் 8,60,000-க்கு இறங்கியது. அதில் பதினைந்து சதவீதமான 1,29,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, சுவரை உடைத்தால் வெளிப்படும் விஷயங்களுக்கு மட்டுமே அதைத் தொடுவது என்று வைத்தோம்.

வெளிப்பட்டவை குறைவல்ல. துத்தநாகம் பூசிய இரும்பாலான பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாய்களின் உள்ளே துரு ஏறி, விரல் நுழையாத அளவுக்குத் துளை சுருங்கியிருந்தது, அனைத்தையும் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய்களாக மாற்ற 46,000. குளியலறைக் கூரையில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்திருந்ததைச் சுத்தம்செய்து, துருத்தடுப்புப் பூச்சும் பாலிமர் கலவையும் போட 38,000. கரையான் மருந்துக்கும் அரித்த சட்டங்களுக்கும் 14,000. மறுபடி உடைத்த தரையின் 11,500-ஐயும் சேர்த்தால், ஒதுக்கியதில் 1,09,500 போய்விட்டது. பட்டியலில் இருந்தவற்றில் சில கூடியும் சில குறைந்தும் ஒன்றையொன்று ஈடுகட்டின. மொத்தச் செலவு 9,69,500.

விலை விசாரிக்கும்போது வரி சேர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்க நேர்ந்தது. கதவுப் பலகை, குழாய், பீங்கான் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. நாங்கள் வேலை செய்த 2024-இல் சிமெண்டுக்கு 28 சதவீதம் கொடுத்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. கடன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பழைய வருமான வரி முறையில், குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ எடுத்த கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை கழிவு உண்டு. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் எடுத்த கடனுக்கு அந்த வரம்பு 30,000 மட்டுமே.

பொங்கல் கழிந்து தொடங்கி, இரண்டு மாதம் என்று சொன்ன வேலை மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது. அதுவரை அம்மா தங்கை வீட்டில் இருந்தார். மேஸ்திரிக்கு வேலையின் கட்டங்களைப் பொறுத்தே பணம் கொடுத்தோம். ஆசாரியின் கூலியில் 5,000 ரூபாயை, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத் தருவதாக அவர் சம்மதத்துடனே நிறுத்திவைத்திருந்தேன். ஐப்பசி அடைமழையில் கொல்லைக் கதவு ஊதி, நிலையில் இறுகிக்கொண்டது. தகவல் சொன்ன மறுநாளே ஆசாரி வந்து, கதவைக் கழற்றிப் படுக்கவைத்துப் பார்த்தார். அடி விளிம்பில் வண்ணம் பூசப்படாமல் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் ஏறியது அந்த வழியாகத்தான். இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, பக்கவாட்டில் ஒரு நூல் அளவு இழைத்து, மேலும் கீழும் பிரைமர் அடித்து மாட்டிவிட்டு, அம்மாவையே திறந்து பார்க்கச் சொன்னார். அம்மா ஒரு கையால் நடைச் சட்டத்தைப் பிடித்தபடி மறு கையால் கதவைத் தள்ளிப் பார்த்தார், தடையின்றித் திறந்தது. நிறுத்திவைத்திருந்த தொகையை அன்றே கொடுத்து அனுப்பினோம்.