திரைக்குப் பின்னால் முப்பது விநாடி

ஏப்ரல் 14

சித்திரை பிறந்தது. பச்சடிக்கு அம்மா எங்கள் வீட்டு மரத்து மாங்காயையே பறித்துப் போட்டாள். இந்த வருசம் பிஞ்சு நிறைய உதிர்ந்துவிட்டது.

காவேரிப்பட்டணத்தில் மாடி அறைதான் என் ஸ்டுடியோ. கல்யாண அழைப்பு வீடியோ, மண்டபத்து எல்இடி சுவருக்குப் பின்னணி, காதுகுத்து, மஞ்சள் நீர் என்று ஏழு வருசமாக, எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் மோஷன் கிராபிக்ஸ்தான் சோறு போடுகிறது. இப்போது வந்திருக்கும் வேலை வேறு மாதிரி. பாலக்கோடு பக்கத்துக் கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு ஒன்று யூடியூப் சேனல் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னால் வர முப்பது விநாடி அறிமுகம் வேண்டும். மே மாதம் பாரதக் கூத்தில், துரியோதனன் மாளும் படுகளம் முடிந்த அன்று முதல் வீடியோ ஏறும்.

மூன்று மாதிரி செய்து அனுப்பினேன். ஒன்றில் தங்கத்துகள் பறந்து வந்து எழுத்தாகும். இன்னொன்றில் கிரீடம் சுழன்று வந்து நிற்கும். மூன்றாவதில் தீ. ஜமாவை நடத்தும் வாத்தியார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா நியூஸ் ஓடற மாதிரி ஓடுது. எங்க ஆளு அப்பிடி ஓடியாந்து நிக்க மாட்டானே."

அந்தக் கடைசி வாக்கியம் காலையிலிருந்து கூடவே வருகிறது. இந்த வேலை முடியும் வரை இங்கே எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

ஏப்ரல் 16

ராத்திரி இரண்டு மணி வரை உலகத்து ஸ்டுடியோக்கள் தங்கள் வேலையைக் காட்ட வெளியிடும் ஷோரீல்களைப் பார்த்தேன். நாற்பதாவது ரீலுக்கு மேல் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் வழவழவென்று வருகிறது, வழவழவென்று போகிறது. என் மூன்று மாதிரிகளும் இந்தக் கூட்டத்தில் நின்றால் எனக்கே அடையாளம் தெரியாது.

மோஷன் கிராபிக்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் ஜான் விட்னியிடம் போய் நின்றேன். 1960இல் அந்தப் பெயரிலேயே கம்பெனி தொடங்கிய அமெரிக்கர். போர் முடிந்தபின் ராணுவம் கழித்துப் போட்ட, விமானங்களைச் சுட பீரங்கிக்குக் குறி கணக்குப் போட்டுக் கொடுத்த இயந்திரத்தை வாங்கி, பிரித்து மாற்றிக் கட்டி, அதை வைத்துக் கோலம் மாதிரி சுழலும் வடிவங்களைப் படமாக்கினார். காயலான் கடைச் சரக்கில் பிறந்த தொழில் இது. நானோ ரெடிமேட் டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். படுத்தும் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 19

தருமபுரிக்குப் பஸ் ஏறி அகழ்வைப்பகம் போனேன். ஸ்கூலில் படிக்கும்போது டூர் வந்த இடம். அன்றைக்கு வரிசையில் நின்று வெளியே வந்ததுதான் ஞாபகம், ஒரு கல்லையும் பார்க்கவில்லை.

இன்றைக்கு நடுகற்களுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன், ஊரைக் காக்க நின்று செத்தவன். நம் பக்கத்தில் ஏரிக்கரையில், புளியந்தோப்பில், சில இடங்களில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் கற்கள்.

அடுக்கடுக்காகச் செதுக்கிய நடுகல் என்னைப் பிடித்து நிறுத்தியது. கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமகளிர் இரண்டு பக்கமும் கை கொடுத்து வீரனை மேலே தூக்கிப் போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அதே ஆள் மூன்று முறை வருகிறான். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். இதுதானே ஸ்டோரிபோர்டு!

நோட்டில் வரைந்துகொண்டு வரும்போதுதான் கவனித்தேன். அவன் விழும் கணம் கல்லில் இல்லை. சாவு அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில், அந்த ஒரு விரல் அகலக் கோட்டில் நடந்து முடிந்துவிடுகிறது. நான் என்றால் அங்கே ரத்தம் தெறிக்க விட்டிருப்பேன், ஸ்லோ மோஷனில்.

ஏப்ரல் 22

கரி.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வில்லியம் கென்ட்ரிட்ஜ் என்ற ஓவியர் இருக்கிறார். 1989இலிருந்து அவர் செய்துவரும் கரி ஓவியப் படங்களை முன்பே பார்த்திருந்தாலும் அவர் வேலை செய்யும் விதத்தை இப்போதுதான் ஊன்றிக் கவனித்தேன். அசைவூட்டத்தில் வழக்கமாக ஒவ்வொரு நிலைக்கும் ஒரு புதுத் தாள். அவர் ஒரு காட்சிக்கு ஒரே தாளை வைத்துக்கொள்கிறார். கரியால் வரைகிறார், கேமராவுக்கு நடந்து போய் ஒன்றிரண்டு பிரேம் எடுக்கிறார், திரும்பி வந்து கொஞ்சம் அழித்து மாற்றி வரைகிறார், மறுபடி கேமராவுக்கு நடக்கிறார். கரி முழுசாக அழியாது. நடந்துபோகிற ஆளுக்குப் பின்னால் அவன் முன்பு இருந்த இடமெல்லாம் சாம்பல் கறையாகக் கிடக்கும்.

வெந்நீர் அடுப்பில் அணைந்து கிடந்த கரியை எடுத்து வந்தேன். சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, போனை ஸ்டாண்டில் கட்டி, சலங்கை கட்டிய ஒரு காலை மட்டும் வரைந்தேன். விநாடிக்கு 24 பிரேம், ஒரு படத்துக்கு இரண்டு பிரேம் என்றால் விநாடிக்கு 12 படம். நான்கு விநாடிக்கு 48. சாப்பிட்ட நேரம் போக ஆறரை மணி நேரம் ஆனது. அழிப்பதற்கு அம்மாவின் பழைய உள்பாவாடைத் துணி நன்றாக இருக்கிறது, ரப்பர் தாளைக் கிழித்துவிடுகிறது.

ஓட்டிப் பார்த்தபோது கை நடுங்கியது. கால் தூக்கி வைக்கும் இடத்தைவிட, தூக்கிய இடத்தில் கிடக்கும் கறைதான் ஆடுகிறது. எங்கள் சாஃப்ட்வேரில் முந்திய படம் மங்கலாகத் தெரிகிற வசதிக்கு ஆனியன் ஸ்கின் என்று பெயர், வெங்காயத் தோல். வரைந்து முடித்ததும் அதை அணைத்துவிடுவோம். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வரவே வராது. இத்தனை வருசமாக நல்ல பாகத்தை நானே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 27

மாங்கூழ் ஆலைக்கு லேபிள் அனிமேஷன். இரண்டு நாள் வேலை, முடித்துக் கொடுத்தேன். மார்ச்சில் செய்த மண்டப வேலைக்கு இன்னும் பணம் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

மே 2

காலை ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

ஜமா நேற்று ராத்திரி ஆடிய ஊருக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஆடுகளம். எட்டு மணிக்கே ஒப்பனைக் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டேன். துரியோதனன் வேசம் கட்டுகிறவர் மல்லாந்து படுத்திருக்க, இன்னொருவர் முகம் எழுதினார். முத்துவெள்ளையும் சிவப்பும் குழைத்து, விளக்குமாற்றுக் குச்சியால் மீசை ஓரத்தில் புள்ளி வைக்கிறார். ஒரு புள்ளி வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்துப் புள்ளியைப் பார்க்கிறார், அப்புறம்தான் அடுத்தது. கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரம். கையில் வாங்கிப் பார்த்தேன், அவ்வளவு பெரிய கிரீடம் பஞ்சு மாதிரி இருக்கிறது. மேலே ஒட்டிய கண்ணாடித் துண்டுகளில் சில பெயர்ந்து, அந்த இடத்தில் சாக்லேட் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் வித்தியாசம் தெரியவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சிவப்புத் துணி, ஓரத்தில் மஞ்சள். அதற்குப் பின்னால் ஆள் வந்துவிட்டான் என்பது தெரிகிறது. மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால்கள். நடுவில் வெறும் துணி. கட்டியக்காரன் யார் என்று கேட்கிறான், உள்ளிருந்து விருத்தம் வருகிறது. முகவீணை இழுக்கிறது. கிரீட நுனி இடமிருந்து வலம் போகிறது, நிற்கிறது, திரும்புகிறது. கால்கள் தரையை உதைக்கத் திரைத்துணி காற்றில்லாமல் அதிர்கிறது. திரை விலகும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொரு அடி பாட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். ஐம்பது வருசமாகப் பார்க்கிறவள், உள்ளே இருப்பது துரியோதனன் என்று அவளுக்குத் தெரியும், அந்த வேசம் கட்டியிருப்பது யார் வீட்டுப் பையன் என்பதும் தெரியும்.

மணி பார்த்தேன். பதினோரு நிமிடம் கழித்துத்தான் திரை விலகியது. அவன் ஓடி வரவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்தான்.

வாத்தியார் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அசைவுக்கு முன் ஒரு தயக்கம் வேண்டும், குதிப்பவன் முதலில் குனிய வேண்டும் என்று அனிமேஷன் பாடத்தில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். நான் அதற்கு நாலு பிரேம் கொடுப்பேன், தாராளமென்றால் ஆறு. இவர்கள் பதினோரு நிமிடம் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. அவன் கிறிக்கி அடித்தபோது, அதாவது கிறுகிறுவென்று சுழன்று ஆடியபோது, பள்ளிக்கூடச் சுவரில் நிழல் ஆளைவிட மூன்று மடங்கு பெரிதாகச் சுற்றியது. ஓவியர் நளினி மலானியின் நிழல் கூடங்கள் நினைவுக்கு வந்தன. 1946இல் கராச்சியில் பிறந்து, பிரிவினையில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தவர். ஒளி ஊடுருவும் உருளைகளின் உட்புறத்தில் ஓவியம் தீட்டித் தொங்கவிட்டுச் சுழல விடுவார். விளக்கும் வீடியோவும் அவற்றின் வழியாகப் பாய, அறை முழுக்க உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஊர்ந்து போகும். 2012இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கலைக் கண்காட்சியில் அப்படி ஐந்து உருளைகள் சுழன்றன. போனில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நேற்று ராத்திரி அந்தச் சுவருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, அந்த அறைக்குள் நிற்பது எப்படியிருக்கும் என்று ஓரளவு தெரிந்துகொண்டேன்.

கண் எரிகிறது.

மே 5

துகள், தீ, சுழலும் கிரீடம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். திரைத்துணியை ஜமாவிடமே கேட்டு வாங்கி வந்து, வெயிலில் கட்டி, அதன் நெளிவைப் படம் எடுத்தேன். கிரீட நுனியும் கால்களும் கரியில். பின்னால் நிழல்.

மே 13

முப்பது விநாடி முடிந்தது. 720 பிரேம். முதல் பதினான்கு விநாடிக்குத் திரை மட்டும். அப்புறம் திரை விலகும், கரிக்கறை இழுபட ஒரே ஒரு சுற்று, கடைசி ஆறு விநாடிக்கு ஜமா பெயர். வாத்தியார் கூத்தில் இருப்பார், நேரில் காட்டிக்கொள்ளலாம்.

மே 17

படுகளம்.

நேற்று மத்தியானமே போய்விட்டேன். ஊருக்கு வெளியே காய்ந்த வயலில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு பிடித்து அளந்து, வண்டி வண்டியாக மண் கொட்டி, மண்வெட்டியால் இழுத்து, தண்ணீர் தெளித்துக் கையால் தடவித் தடவி உருவம் வருகிறது. பாதத்திலிருந்து தலை வரை நடந்து பார்த்தேன், என் காலடிக்கு எழுபத்திரண்டு. மார்பில் ஒரு ஆள் சாய்ந்து பீடி பிடிக்கிறார். உள்ளங்கை மட்டும் ஒரு கட்டில் அகலம். மஞ்சள், சிவப்பு, நீலப் பொடி தூவி நகை போட்டார்கள். மீசைக்குக் கரித்தூள். கண் கடைசியில்.

பெரிய காட்சிக் கூடங்களில் இடத்துக்கென்றே செய்து, அந்த இடத்தோடு முடிந்துபோகும் கலையைப் பற்றி எவ்வளவோ படித்து ஏங்கியிருக்கிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ்ஸில் அது வருசா வருசம் நடக்கிறது.

காலையில் பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். தொடையில் கதாயுதம் விழுந்தது. உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து சிவப்பு கொட்டியது. பாஞ்சாலி கூந்தலில் பூசி முடிந்துகொண்டாள். அடுத்த நிமிடம் பெண்கள் மண்ணை அள்ள ஆரம்பித்தார்கள், வயலுக்கு, குதிருக்கு. அம்மாவும் ஒரு கைப்பிடி முடிந்துகொண்டாள், மாமரத்துக்காம். பத்து மணிக்குள் முகம் இல்லை. மீசை இருந்த இடத்தில் கரிக்கறை மட்டும்.

வேசம் கலைத்துவிட்டு வாத்தியார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். போனைக் கொடுத்தேன். பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார்.

"திரைய இன்னும் கொஞ்சம் புடிச்சிருக்கலாம் பாப்பா."

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். ஜமா பெயரிலிருந்து 48 பிரேமை எடுத்துத் திரைக்குக் கொடுத்தேன். இப்போது திரை பதினாறு விநாடி, பெயர் நான்கு. ஏற்றுமதி முடிய இருபது நிமிடம். பத்தே முக்காலுக்கு அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. பதினெட்டு ராத்திரி ஆடிய மனிதர், போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பார்.