சின்ன வெங்காயம் இல்லாத ஏழு வாரம்

திருப்பூர்ல ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது துணி வாங்கற பையரோட ஆர்டரை கூட நின்னு முடிச்சு அனுப்பற ஆளா இருக்கேனுங்க, வயசு 39. இந்த வேலைல இருக்கறவங்களுக்குத் தெரியும், காலைல உள்ள போறது தான் நம்ம கையில, வெளிய வர்றது பையர் கையில. நடுவுல ஒரு ஏழு எட்டு பால் டீ, பேக்கரி பப்ஸ், ராத்திரி பையரோட போன் கால் முடிச்சிட்டு 11 மணிக்கு ரோட்டுக்கடை பரோட்டா. இதுல முதுகு வலி வேற. மெடிக்கல்ல போயி முதுகு வலின்னு சொன்னா ரெண்டு மாத்திரைய கட் பண்ணி கவர்ல போட்டுக் குடுப்பாங்கல்ல, அதுல ஒண்ணு டைக்ளோஃபெனாக், அதை அஞ்சு மாசம் கிட்டத்தட்ட தினமும் முழுங்கிட்டு இருந்தேன், நிறைய நாள் வெறும் வயித்துல டீயோட. யாரும் எழுதிக் குடுக்கல, நானே டாக்டர் நானே பேஷண்ட்.

அப்புறம் கடவாப்பல்லுல சீழ் புடிச்சு அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போட்டேன். அதுக்கப்புறம் தான் வயிறு என்னுதே இல்லன்னு ஆகிப்போச்சு. காலைல நாலு தடவ பாத்ரூம், போயிட்டு வந்தாலும் இன்னும் மிச்சம் இருக்கற மாதிரியே ஒரு ஃபீலிங், மத்தியானம் சாப்ட்டு அரை மணி நேரத்துல உப்புசம், மீட்டிங்ல உக்காந்திருக்கப்ப டேபிளுக்கு அடில பேண்ட் பட்டனை கழட்டி விட்டிருவேன். ஒருநாள் துணி தரம் பாக்கற க்யூசிகாரர் கூட கலர் ஷேட் பத்தி பேசிட்டு இருக்கப்ப என் வயிறு இரைஞ்ச இரைச்சல்ல அவரு திரும்பி மெஷினைப் பாத்தாரு.

இங்க தான் நான் பண்ண பெரிய தப்பு. டாக்டர்கிட்ட போகாம போனைத் தொறந்தேன். "லீக்கி கட்"னு ஒரு வார்த்தை கிடைச்சுது, குடல்ல ஓட்டை விழுந்து சாப்பாடு ரத்தத்துல கலக்குதுன்னு ஒருத்தர் வீடியோல படம் போட்டு காட்டறாரு, எனக்கு அது அப்படியே மண்டைல ஏறிடுச்சு, ஏன்னா நாம பாக்கற வேலையே துணில ஓட்டை தேடற வேலை. அவர்கிட்டயே 11,000 ரூபா கட்டி ரத்தம் குடுத்து எந்தெந்த சாப்பாடு ஒத்துக்காதுன்னு ஐஜிஜி டெஸ்ட் எடுத்தேன், ஐஜிஜின்னா ரத்தத்துல இருக்கற ஒரு வகை எதிர்ப்புப் புரதம். ரிப்போர்ட் வந்துச்சு பாருங்க, அரிசி சிவப்பு, தயிர் சிவப்பு, துவரம்பருப்பு சிவப்பு, முட்டை சிவப்பு, கத்திரிக்கா சிவப்பு. நான் தினமும் திங்கற எல்லாமே சிவப்பு. பச்சைல இருந்தது நான் வாழ்நாள்ல பாக்காத ஏதோ ஒரு மீனும் அவகாடோவும். கூடவே ஒரு பவுடர் டப்பா, நல்ல பாக்டீரியான்னு சொல்ற புரோபயாடிக் ஒரு டப்பா, அது தனி 6,500.

ரெண்டரை மாசம் ஒம்போதே ஒம்போது ஐட்டம் வச்சு ஓட்டினேன். உப்புசம் கொஞ்சம் குறைஞ்சுது, பொய் சொல்லக்கூடாது, ஆனா சாப்பாட்டையே குறைச்சா எது தான் உப்பும். 71 கிலோ இருந்தவன் 63க்கு வந்துட்டேன். வீட்டுக்காரி ஒருநாள் "மாமா, பெல்ட்டுல இன்னொரு ஓட்டை போட்டாச்சு, இதுக்கு மேல போட அதுல இடமில்ல"ன்னு சொன்னா. அவ தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கி கோயமுத்தூர்ல வயிறு, குடல் பாக்கற ஒரு கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா.

அந்தம்மா ஐஜிஜி ரிப்போர்ட்டை பாத்துட்டு அப்படியே கவுத்து வச்சிட்டாங்க. "ஒரு சாப்பாட்டுக்கு ஐஜிஜி இருந்தா அதை நீங்க அடிக்கடி சாப்பிடறீங்கன்னு தாங்க அர்த்தம், ஒத்துக்கலன்னு இல்ல"ன்னாங்க. எனக்கு அந்த 11,000 ரூபா அங்கயே கண்ணு முன்னாடி ஆவியாச்சு. அப்புறம் வரிசையா கேட்டாங்க, மலத்துல ரத்தம் வருதா, தூக்கத்துல எழுப்பி பாத்ரூம் போக வைக்குதா, காய்ச்சல் இருக்கா, வீட்ல யாருக்காவது குடல் கேன்சர் இருந்துச்சான்னு. எல்லாத்துக்கும் இல்ல. ஆனா எட்டு கிலோ இறங்கினது அவங்களுக்குப் புடிக்கல, அதனால ரத்த டெஸ்ட், தைராய்டு, கோதுமைல இருக்கற குளூட்டனால குடல் கெடற சீலியாக் வியாதிக்கான டெஸ்ட், மலத்துல கால்புரோடெக்டின் டெஸ்ட், எண்டோஸ்கோப்பி எல்லாம் எழுதினாங்க. கால்புரோடெக்டின்னா குடல்ல அழற்சி இருந்தா ஏறுமாம், 50க்கு கீழ இருந்தா பொதுவா நார்மல், எனக்கு 38. சீலியாக்கும் இல்ல. இதுல ஒரு விஷயம், கோதுமைய நிறுத்திட்டு சீலியாக் டெஸ்ட் எடுத்தா இருந்தாலும் இல்லன்னு காட்டிடலாமாம். நல்லவேளை அந்த ஒம்போது ஐட்டத்துல எனக்கு சப்பாத்தி இருந்துச்சு. எண்டோஸ்கோப்பில இரைப்பைல சின்னச் சின்ன அரிப்புப் புண்ணு, வலி மாத்திரை வேலைன்னாங்க.

நான் அந்த ஓட்டை மேட்டரை விடல. துணிக்காரன் பாஷைலயே கேட்டேன், மேடம் என் குடல் சிங்கிள் ஜெர்சி பனியன் துணி மாதிரி ஊசி விட்டுப்போச்சா, லைன் லைனா ஓட்டை இருக்கான்னு. சிரிச்சிட்டாங்க. குடலோட உள்பக்க படலம் ஒரே ஒரு அடுக்கு செல்லு தானாம், அது நிஜம். ஆனா ரெண்டு செல்லுக்கு நடுவுல இருக்கற தையலு, டைட் ஜங்ஷன்னு பேரு, அது நிலையா ஓட்டையா நிக்கறதில்ல, இளகும், மறுபடி இறுகும். மேல வழவழன்னு சளி மாதிரி ஒரு பூச்சு காவலுக்கு இருக்கு. அந்த செல்லுங்களே மூணுல இருந்து அஞ்சு நாளைக்கு ஒருதடவ உதிர்ந்து புதுசா வந்துட்டே இருக்கும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க இந்தத் தையலை இளக்கும்ங்கறது நல்லாத் தெரிஞ்ச விஷயமாம், சீலியாக்லயும், குடல்ல அழற்சி வர்ற கிரோன்ஸ் வியாதிலயும் இளக்கம் பாக்கறாங்களாம். ஆனா "லீக்கி கட்"னு தனியா ஒரு வியாதின்னு சொல்லி பவுடர் விக்கறதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இருக்கறது ஐபிஎஸ், அதாவது இர்ரிடபிள் பவல் சிண்ட்ரோம், டெஸ்ட்ல பெருசா ஒண்ணும் தெரியாமலே குடல் படுத்தற தொந்தரவு, அதை வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து கிளப்பி விட்டிருக்கலாம்னாங்க. மூணாவது நாளே புதுசா வரக்கூடிய துணிக்கு நான் ரெண்டரை மாசமா நூலே போடாம வச்சிருந்திருக்கேன், அதான் எனக்கு உறைச்சுது.

மருந்துன்னு பாத்தா பெருசா ஒண்ணுமில்ல. வலி மாத்திரை அன்னியோட நிறுத்தம், முதுகுக்கு பிசியோ. வயித்து ஆசிட்டைக் குறைக்கற பான்டோபிரசோல் 40 காலைல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி எட்டு வாரம், அப்புறம் நிறுத்தணும், வருஷக்கணக்கா முழுங்கக் கூடாதுன்னு அழுத்திச் சொன்னாங்க. மிச்சம் பூரா டயட்டீசியன் பொண்ணு கையில.

அந்தப் பொண்ணு குடுத்தது லோ ஃபாட்மேப். ஆஸ்திரேலியால மெல்பர்ன்ல இருக்கற மோனாஷ் யுனிவர்சிட்டிகாரங்க உருவாக்கினது. ஃபாட்மேப்னா சில வகை கார்போஹைட்ரேட், சர்க்கரை, அது சிறுகுடல்ல சரியா உறிஞ்சப்படாம பெருங்குடலுக்குப் போயி, அங்க பாக்டீரியா அதைப் புளிக்க வச்சு கேஸ் ஆக்குது, தண்ணியயும் இழுக்குது. அதை ரெண்டுல இருந்து ஆறு வாரம் நிறுத்திட்டு ஒண்ணொண்ணா திருப்பி சேர்க்கணும். "அண்ணா, இது நிறுத்தறதுக்கான டயட் இல்ல, எது எவ்வளவு தாங்கும்னு கண்டுபுடிக்கறதுக்கான டயட்"னு ரெண்டு தடவ சொல்லுச்சு, என் பழைய கதை தெரியுமில்ல.

லிஸ்ட்டைப் பாத்தா முதல் வரிலயே வெங்காயம், பூண்டு. அட, நம்மூர்ல வெங்காயம் பூண்டு இல்லாம என்னத்த சமைக்கறது? பரோட்டா போனா போகட்டும், பால் டீ கூட போகட்டும், சின்ன வெங்காயம் தாளிக்காத அரிசிம்பருப்பு சாதத்தை எங்க அம்மா சாப்பாடுன்னே ஒத்துக்கல. "ஏஞ்சாமி, ஜெயில்ல கூட வெங்காயம் போடுவாங்களே"ன்னாங்க. ஒரே ஒரு குறுக்கு வழி இருந்துச்சு. பூண்டுல தொந்தரவு பண்ற ஃபாட்மேப்புக்கு ஃப்ரக்டான்னு பேரு, அது தண்ணில கரையும், எண்ணெய்ல கரையாது. அதனால நல்லெண்ணெய்ல பூண்டை முழுசா போட்டு பொன்னிறமா வறுத்துட்டு பல்லை எடுத்து வெளிய போட்டுட்டா வாசனை மட்டும் நிக்கும். ரசத்துல தட்டிப் போட்டா அது நடக்காது, சாறு பூரா தண்ணில இறங்கிடும். பெருங்காயம் சரி, ஆனா டப்பா பின்னாடி படிங்க, கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ வேற மாவோ கலந்திருக்கும். நான் மளிகைக்கடைல நின்னு லேபிள் படிச்சதைப் பாத்து அண்ணாச்சி என்னை ஃபுட் இன்ஸ்பெக்டர்னே நினைச்சுட்டாரு.

முதல் பத்து நாள்லயே உப்புசம் பாதியாச்சு. ரெண்டு வாரம் முடிஞ்சதுமே திருப்பி சேர்க்க ஆரம்பிச்சிருக்கலாம், நான் பயந்துக்கிட்டு ஏழு வாரம் இழுத்துட்டேன்.

சேர்க்கறப்ப ஒரு பொருளுக்கு மூணு நாள், முதல் நாள் கொஞ்சம், ரெண்டாவது நாள் டபுள், மூணாவது நாள் எப்பவும் சாப்பிடற அளவு, எல்லாம் நோட்டுல. பால் அவுட், ரெண்டு டம்ளர்லயே கடமுடன்னு ஆரம்பிச்சிருச்சு. ஆனா வீட்ல உறை ஊத்தின நல்லா புளிச்ச தயிர் ஒண்ணும் பண்ணல, பால் சர்க்கரைல ஒரு பங்கை பாக்டீரியாவே தின்னுடுதாம். அந்த ரிப்போர்ட்ல சிவப்புல இருந்த தயிரு! பூண்டு ரெண்டு பல்லு தாங்குது. துவரம்பருப்பு அரை கப் வரைக்கும் ஓகே. கொள்ளு ராத்திரி ஊற வச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேக வச்சா பிரச்சனை இல்ல, ஊறின தண்ணியோட வச்சா அன்னிக்கு நான் ஆபீஸ்ல ஜன்னலோரம் தான்.

நார்ச்சத்துல ஒருதடவ அடி வாங்கினேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் சொல்லுது, நான் அதுல பாதி கூட தொட்டிருக்க மாட்டேன், சரி புடிச்சிருவோம்னு முதல் நாளே இசப்கோல்ங்கற நார்ப்பொடி மூணு ஸ்பூன், கூடவே கம்மஞ்சோறு, கொய்யாப்பழம் ரெண்டு. நைட்டு வயிறு டிரம் மாதிரி. டயட்டீசியன் போன்ல சிரிச்சுட்டு, ஒரு ஸ்பூன்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு கொஞ்சமா ஏத்துங்க, பெரிய டம்ளர்ல தண்ணியோட எடுங்கன்னுச்சு. நார்ச்சத்தை பாக்டீரியா புளிக்க வச்சு பியூட்ரேட்னு ஒண்ணு செய்யுமாம், பெருங்குடல் சுவர்ல இருக்கற செல்லுக்கு அது தான் முக்கிய சாப்பாடு. நான் குடலுக்குப் போடாம விட்ட நூலு அது தான்.

அதுக்கு பழைய சோறும் உதவும். ஆறின சோத்துல ஒரு பங்கு மாவுச்சத்து சீக்கிரம் செரிக்காத மாதிரி மாறி நேரா பெருங்குடலுக்குப் போகும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரில குடல் நோய்க்கு பழைய சோத்தை வச்சே ஆராய்ச்சி எடுத்திருக்காங்க. அம்மா மண்சட்டில தண்ணி ஊத்தி வச்சு காலைல மோர் விட்டு கரைச்சுக் குடுப்பாங்க. தொட்டுக்க உப்பு நார்த்தங்கா. சின்ன வெங்காயம் இல்லாம பழைய சோறு குடிக்கறது என்ன கொடுமைன்னு குடிச்சவனுக்குத் தான் தெரியும்.

நாலு மாசம் ஆனப்புறம் நோட்டைப் புரட்டிப் பாத்தா இன்னொரு விஷயம் மாட்டுச்சு. வயிறு மோசம்னு எழுதின நாள் 17, அதுல 12 நாள் ஷிப்மென்ட் வாரத்துல. அந்த வாரங்கள்ல சாப்பாட்டுல எதுவும் மாறல, அதே தயிர், அதே பருப்பு. தூக்கம் நாலு மணி நேரம், ராத்திரி சாப்பாடு 11க்கு. நான் பாட்டுக்கு பருப்பு மேல சந்தேகப்பட்டுட்டு இருந்திருக்கேன். ஷிப்மென்ட்டை நிறுத்த முடியாது, ஆனா சாப்பாட்டை 8 மணிக்கு டிபன் பாக்ஸ்ல ஆபீஸ்லயே முடிச்சிட்டு அப்புறம் பையர் போன் காலுக்கு உக்கார்றது முடியுது. சாப்ட்டதும் யூனிட்டை ரெண்டு சுத்து நடப்பேன், செக்யூரிட்டி அண்ணன் முதல்ல முறைச்சாரு, இப்ப கூட நடக்கறாரு. காலைல அரை மணி நேரம் முன்ன எந்திரிச்சு வெதுவெதுன்னு தண்ணி குடிச்சிட்டு அவசரமில்லாம பாத்ரூம் போறது, இதுக்கு பைசா செலவில்ல, எனக்கு பாதி பிரச்சனை இதுலயே அடங்குச்சு. டீ இப்ப ரெண்டு, பால் இல்லாத கட்டஞ்சாயா.

வெயிட் இப்ப 68. நல்லாயிட்டேன்னு சொல்ல மாட்டேன், ஐபிஎஸ் வந்து வந்து போகும்னு டாக்டரே சொல்லிட்டாங்க, போன மாசம் கூட ஒரு கல்யாணத்துல பால் பாயாசத்தை ஆசைப்பட்டு குடிச்சிட்டு ரெண்டு நாள் அவஸ்தை. ஆனா புதுசா ரத்தம், ராத்திரி எழுப்பற வயித்துப்போக்கு, திரும்ப வெயிட் இறங்கறதுன்னு எது வந்தாலும் நோட்டை வச்சிட்டு நேரா கோயமுத்தூர் தான், போனைத் தொறக்கறதில்ல.

சின்ன வெங்காயம் தான் கடைசியா சேர்த்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பழைய சோத்தோட அம்மா ஒண்ணே ஒண்ணை உரிச்சு தட்டு ஓரத்துல வச்சுட்டு, என்னமோ பையன் பரீட்சை எழுதற மாதிரி எதிர்லயே உக்காந்துட்டாங்க. கடிச்சேன். சாயங்காலம் வரைக்கும் அஞ்சு தடவ "என்ன கண்ணு, பண்ணுதா"ன்னு கேட்டாங்க. ஒண்ணும் பண்ணல. இப்ப ரெண்டு வரைக்கும் தாங்குது. மூணாவதுக்கு இரையுது.