கொச்சியா, புதுச்சேரியா? காவேரிப்பட்டணத்திலிருந்து கடலுக்கு

மா பூ எடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் வெளியூர்ப் பேச்சை யாரும் எடுக்க முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இதுதான் நிலைமை. பூ வந்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்து, பிஞ்சு பிடித்ததும் தண்ணீர், அப்புறம் காவல். செந்தூரா, அல்போன்சா ரகங்கள் தொடங்கிவிட்டால் பெங்களூரா ரகம் முடியும் வரை பறிப்பு, மண்டி, மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் வண்டி வரிசை என்று ஜூலை வந்துவிடும். இந்தத் தடவை குடியரசு தினம் சனி ஞாயிறோடு ஒட்டி வந்தது. ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். அன்று ராத்திரியே பேச்சு தொடங்கிவிட்டது. கடலுக்குப் போகலாம். சரி, எந்தக் கடலுக்கு?

மகளுக்குக் கொச்சிதான். 2023 ஏப்ரலில் அங்கே தொடங்கிய வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவையின் வீடியோக்களை எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்காரரும் அவள் பக்கம். எனக்குப் புதுச்சேரி. மாமாவும் அத்தையும் முதலில் வாயே திறக்கவில்லை.

கொச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கல்யாணமான புதிதில் நாங்கள் போன ஊர் அது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போகும் இன்டர்சிட்டி காலையில் தருமபுரிக்கு வரும். ஏறி உட்கார்ந்தால் சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு என்று ஜன்னல் ஓரமே பொழுது போய்விடும், சாயங்காலம் எர்ணாகுளம். ஃபோர்ட் கொச்சியில் சீன வலையை இறக்கி ஏற்றுவதை வெயில் தாழும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். நீளமான கட்டைகளின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிறு கயிறாகக் கட்டித் தொங்கவிட்ட கற்கள். அந்தக் கற்களின் எடைதான் வலையைத் தூக்க உதவுகிறது. நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, வலை நீரைவிட்டு எழும்பி வரும். ஒவ்வொரு கல்லாகத் தரையில் வந்து உட்காரும். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோடகாமாவை 1524-இல் புதைத்த இடத்தைக் காட்டினார்கள். 1539-இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர்களின் பரதேசி ஜெபாலயம். தரை முழுக்க சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. வெளியே வந்தால் தெருவெல்லாம் சுக்கு, மிளகு வாசனை.

ஆனால் கொச்சியில் ரயிலை விட்டு இறங்கியதும் கடல் கிடையாது. எர்ணாகுளம் காயலோரத்து ஊர். எதிரே தெரிவது துறைமுகமும் தீவுகளும்தான். திறந்த கடலைப் பார்க்கப் படகு ஏறி ஃபோர்ட் கொச்சிக்குப் போக வேண்டும். கால் நனைத்து விளையாட நல்ல மணல் வேண்டும் என்றால் வைப்பின் தீவின் வட முனையில் இருக்கும் செறாய் வரை போக வேண்டும். அந்த ஊரின் அழகே படகும் தீவும் மாறி மாறிப் போவதில்தான் இருக்கிறது. அதற்குப் பொழுது வேண்டும், முழங்காலும் நன்றாக இருக்க வேண்டும். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. படகில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மாதம் இதைத் தீர்த்து வைக்கவில்லை. ஜூன் தொடங்கினால் கொச்சியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புதுச்சேரிக்கு வடகிழக்குப் பருவமழை, புயல். ஜனவரி கடைசியில் இரண்டு ஊரும் நன்றாகத்தான் இருக்கும். தூரம் ஓரளவு தீர்த்தது. எங்களுக்குக் கொச்சி நானூறு கிலோமீட்டர் பக்கம் வரும், புதுச்சேரி அதில் பாதி சொச்சம். இன்னொன்றும் இருக்கிறது. மேற்குக் கரையில் சூரியன் கடலில் இறங்கும், கிழக்குக் கரையில் கடலிலிருந்து எழும்பும். நான்கு மணிக்கே எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டுப் பழகிய மாமாவுக்கு எது சரிப்படும் என்று நான் கேட்டதற்குத்தான் அவர் முதல்முறையாக வாய் திறந்தார்.

"சூரியன் எங்க வேணா வரட்டும்மா. நம்ம ஆறு கடல்ல போய்ச் சேர்ற எடம் அந்தப் பக்கம்தானே? அத ஒரு தடவ பார்த்துடணும்."

அதற்கு மேல் கொச்சிப் பேச்சு எடுபடவில்லை. மகளும் சரி என்றுவிட்டாள்.

தென்பெண்ணை எங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைக்குப் பல நாள் நுரை பொங்க வந்து, கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையில் நின்று, எங்களைத் தாண்டி சாத்தனூர் அணை வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. கே.ஆர்.பி. அணை 52 அடி நிரம்பி மதகைத் தூக்கினால் ஊருக்குள் தண்டோரா போடாத குறையாகச் செய்தி பரவும். இத்தனை வருடம் அதன் கரையில் வாழ்ந்தும், அது போய்ச் சேரும் இடத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வந்து தெற்கே திரும்பினால் புதுச்சேரி. பெங்களூரு–புதுச்சேரி பஸ்கள் பலவும் இதே வழியில்தான் போகின்றன, எங்கள் ஆட்கள் கிருஷ்ணகிரியில் ஏறிக்கொள்ளலாம். பௌர்ணமி நாளாக இருந்தால் மட்டும் இந்த வழியை விட்டுவிடுங்கள், கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டவே பாதிப் பொழுது போய்விடும்.

ஊத்தங்கரையில் டீ குடிக்க நிறுத்தினோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, அந்த ஊரை மூழ்கடித்துவிட்டு, அப்படியே உள்ளே நகர்ந்து வந்து இந்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி உடைப்பெடுத்த மாதிரி தண்ணீர் வந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை எல்லாம் உருட்டிக்கொண்டு போனதை டிவியில் பார்த்தோம். டீக்கடைக்காரர் தண்ணீர் நின்ற உயரத்தைத் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், புயல் நமக்கு எங்கே என்று நாங்கள் நினைத்த காலம் அன்றோடு போய்விட்டது.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு நடந்து போகிற தூரத்தில்தான் தங்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெள்ளைக்காரத் தெருக்கள் இருக்கும் பக்கம் விடுமுறை நாளில் வாடகை கையைச் சுடுகிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், மிஷன் வீதியை ஒட்டி வாடகை கட்டுப்படியாகிற அறை கிடைத்தது. அங்கிருந்து நேர்கோடாகக் கிழக்கே நடந்தால் கடல். இந்த ஊரில் வழி தப்புவது கஷ்டம், அவ்வளவு நேர் நேரான தெருக்கள். அந்தக் கட்டம் கட்டமான அமைப்பு, 1693-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்துச் சில வருடம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் என்கிறார்கள். அதற்கு முப்பது வருடம் முன்பு, 1663-இல், கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்ததும் அவர்கள்தான். நாங்கள் எது எது என்று அடித்துக்கொண்ட இரண்டு ஊரையும் அவர்கள் ஆண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்கு மட்டும்தான். அத்தைக்கு இது பெரிய உதவி. ரோட்டைக் கடக்கிற பயம் இல்லாமல் மெதுவாக நடந்தார், வலித்தபோது சுவரில் உட்கார்ந்துகொண்டார், எழுந்து மறுபடி நடந்தார். காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன. செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள். உப்புக்காற்று இத்தனை காலம் அரித்தும் செதுக்கிய கொடியும் மணியும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

மாமாவின் கண் கரையில் குவித்திருந்த பாறைகள் மேல்தான் இருந்தது. கருங்கல் எங்கள் மாவட்டத்து விஷயம் ஆயிற்றே. "இது எதுக்கு இங்க?" என்று கேட்டார். நம் கிழக்குக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். எண்பதுகளில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அங்கேயே தங்கிவிட்டது. இந்தப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே போனதால் பாறையைக் கொட்டித் தடுத்தார்கள். அந்த ஊரில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கடற்கரை என்றால் பாறைதான், மணல் கிடையாது. பிறகு 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள், கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. மகள் அங்கேதான் காலை நனைத்தாள். ஒரு ஊர் தொலைத்த கடற்கரையைத் திரும்பப் பெற முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. சூரிய உதயத்துக்கு மாமா எங்கள் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றிருந்தார்.

மணக்குள விநாயகர், பாரதியார் 1908-லிருந்து பத்து வருடம் வாழ்ந்த ஊர் என்பதற்காக அவர் நினைவில்லம், நேரு வீதி குபேர் அங்காடியில் மீன் பார்ப்பது எல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். வைசியாள் வீதியில் மட்டும் ஒரு நடை நடந்துவிடுங்கள். கீழே நம் வீட்டுத் திண்ணையும் மரத்தூணும், மாடியில் பிரெஞ்சு ஜன்னலும் வளைவும் என்று கட்டிய வீடுகள் அங்கே இருக்கின்றன.

மறுநாள் கடலூர் ரோட்டில் கிளம்பினோம். கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் வருகிறது. ஆற்றங்கரையில் தை ஐந்தாம் நாள் நடந்த ஆற்றுத் திருவிழாவின் சுவடு இன்னும் தெரிந்தது. அக்கம்பக்கத்துக் கோயில் சாமிகளை எல்லாம் அன்றைக்கு ஆற்றுக்குக் கொண்டுவந்து தீர்த்தவாரி நடத்துவார்களாம். எங்கள் பக்கம் இந்த வழக்கம் இல்லை. ஒரே ஆறு, மேலே ஒரு பழக்கம், கீழே ஒரு பழக்கம்.

தாழங்குடாவில் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் நடந்தோம். ஆறு அங்கே அவசரமே இல்லாமல் அகலமாகக் கிடக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே மணல்திட்டு, ஒரு ஓரத்தில் வாய் திறந்து தண்ணீர் போகிறது. அலை ஏறும்போது கடல் உள்ளே வருகிறது, இறங்கும்போது ஆறு வெளியே போகிறது, இரண்டும் மோதுகிற கோட்டில் மண்ணிறமும் பச்சையும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஈர மணல் முழுக்கச் சின்னச் சின்ன நண்டு வளைகள். ஒவ்வொன்றின் வாயிலும் உருட்டி வைத்த மணல் உருண்டைகள், கடுகு அளவில். மகள் குனிந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "எந்த ஊருங்கய்யா?" என்று மாமாவைக் கேட்டார்.

"கே.ஆர்.பி. டேம் தெரியுமா? அதுக்குக் கீழ."

"தெரியாம என்ன? நீங்க அங்க திறந்தா சாத்தனூர் நெறையும். சாத்தனூர் திறந்தா நாங்க படகத் தூக்கி மேல வெக்கணும்."

ஃபெஞ்சலின்போது சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வந்த ராத்திரியைப் பற்றி அவர் சொன்னார். கட்டியிருந்த கயிற்றோடு படகு போனது, வீட்டுக்குள் சேறு நின்றது, யாருக்கும் தூக்கம் இல்லை. மாமா எங்கள் பக்கத்தில் தரைப்பாலம் மூழ்கியதைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். அது எங்கள் பாலத்தைத் தாண்டி ஓடிவந்து இவர் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. அணை நிரம்புகிறது என்று சந்தோஷமாகச் செய்தி கேட்கும்போது இனி எனக்கு இந்தக் குப்பமும் ஞாபகம் வரும். கிளம்பும்போது, "காய்க்குற காலத்துல சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று அவர் சொல்ல, மாமா ஒரு கூடை செந்தூரா தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் செஞ்சி. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த கோட்டை. அங்கே இருக்கும் மூன்று மலைகளில் ஒன்றுக்குக் கிருஷ்ணகிரி என்றே பெயர். ராஜகிரிக்கு வீட்டுக்காரரும் மகளும் மட்டும் ஏறினார்கள். நாங்கள் கல்யாண மகால் பக்கம் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், குரங்கு இருக்கிறது.

கொச்சியை விட்டுவிடவில்லை. பெங்களூரா பறிப்பு முடிந்து மண்டிக் கணக்கு தீர்ந்த பிறகு, மழை கொஞ்சம் தணிகிற ஓணம் சமயத்தில், தருமபுரியில் அதே இன்டர்சிட்டி ஏறுவதாகப் பேச்சு. பூக்கோலமும் பார்க்கலாம், வாட்டர் மெட்ரோவும் ஆச்சு. ரயிலில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், அந்தச் சமயத்தில் கூட்டம் அள்ளும். திறக்கிற அன்று காலையிலேயே டிக்கெட் போடும் பொறுப்பை மகளிடம் விட்டிருக்கிறோம். அத்தை இப்போதே முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சத் தொடங்கிவிட்டார்.